நிஜாம் வீட்டு பேக்கார்டு

ஹைதராபாத்தின் பழைய நகரில் புரானி ஹவேலிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். ஒன்று, ஒருமுறை உடுத்தியதை மறுமுறை உடுத்தமாட்டார் என்று பெயரெடுத்த ஆறாவது நிஜாம் மீர் மஹ்பூப் அலி கானின் அலமாரி வரிசை. ஒரு சின்னத் தெருவின் நீளம் இருக்கும். இன்னொன்று, அவருடைய மகன் மீர் உஸ்மான் அலி கானின் வெள்ளி விழாவுக்காக 1937-ல் வந்து குவிந்த பரிசுப் பொருட்கள். 2000-ஆம் ஆண்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட இந்த இடத்தில் பழைய கார்களும் இருக்கின்றன. 1930-ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று, ஜாகுவார் மார்க் ஃபைவ் ஒன்று, கூடவே ஒரு பேக்கார்டு.

ரோல்ஸ் ராய்ஸ் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஜாகுவார் இப்போது டாடாவின் சொத்து. பேக்கார்டு? அந்தப் பெயரில் கார் வருவது 1958-லேயே நின்றுவிட்டது. இன்று நாற்பது வயதுக்காரர்களிடம் பேக்கார்டு என்றால், பழைய கம்ப்யூட்டர் கம்பெனியின் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், அமெரிக்கப் பணக்காரர்கள் காடிலாக்குக்கு ஒரு படி மேலே வைத்துப் பேசிய கார் இது. ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னர் வைத்திருந்தார். ஸ்டாலினுக்கும் பிடித்திருந்தது. ஒரே காரின் பின் சீட்டு அந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது என்றால், அதைச் செய்தவர்கள் ஏதோ விஷயம் தெரிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கம்பெனி பிறந்த கதையில் ஒரு வாய்ச்சண்டை இருக்கிறது. ஒஹாயோ மாநிலத்தில் வாரன் என்ற ஊரில் மின்சாதனத் தொழில் செய்துவந்த ஜேம்ஸ் வார்டு பேக்கார்டு, 1898-ல் ஒரு விண்டன் கார் வாங்கினார். கார் அடிக்கடி மக்கர் பண்ணியது. அதைச் செய்த அலெக்ஸாண்டர் விண்டனிடம் போய்க் குறைகளை அடுக்கி, இப்படி இப்படி மாற்றலாம் என்று யோசனையும் சொன்னார். அவ்வளவு தெரிந்தால் நீயே ஒன்று செய்துகொள்ளேன் என்று விண்டன் எரிந்து விழுந்ததாகச் சொல்வார்கள். 1899 நவம்பரில் முதல் பேக்கார்டு வாரன் தெருக்களில் ஓடியது. 1903-ல் ஹென்றி ஜாய் என்ற முதலாளியின் முயற்சியில் கம்பெனி டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. வைத்திருக்கிறவரைக் கேளுங்கள் என்பதுதான் அவர்களுடைய விளம்பர வாசகம். அரை நூற்றாண்டுக்கு மேல் அதையே வைத்து ஓட்டினார்கள்.

முகத்தையும் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். 1904-ல் வந்த மாடலில் ரேடியேட்டரின் மேல் விளிம்பு நடுவில் நிமிர்ந்து, இரண்டு பக்கமும் தோள்போல வளைந்து இறங்கியது. அமெரிக்கர்களுக்கு அது மாட்டின் கழுத்தில் ஏற்றும் நுகத்தடியாகத் தெரிந்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நம் ஊர் நுகத்தடி கிட்டத்தட்ட நேரான கட்டை. அமெரிக்க விவசாயியுடையது மாட்டின் தோளுக்கு ஏற்றபடி வளைத்துச் செதுக்கியது. அந்த வளைவைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முப்பத்தைந்து வருடங்களில் மட்கார்டு மாறியது, விளக்கு மாறியது, கண்ணாடி சாய்ந்தது, இன்ஜின் நாலைந்து தடவை அடியோடு மாறியது. அந்தத் தோள் மட்டும் அப்படியே இருந்தது. போன வருடத்து காரை வாங்கியவர் இந்த வருடத்து காருக்கு முன்னால் கூச்சப்படாமல் நிற்கலாம் என்பதே பேக்கார்டின் வியாபார ரகசியம்.

உண்மையான மாற்றம் எல்லாம் பானெட்டுக்கு அடியில்தான் நடந்தது.

அதில் முதல் பெரிய மாற்றம் 1915-ல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் காடிலாக் எட்டு சிலிண்டர் இன்ஜினைக் கொண்டுவந்து எல்லோரையும் அசத்தியிருந்தது. பேக்கார்டின் தலைமைப் பொறியாளர் ஜெஸ்ஸி வின்சென்ட் பன்னிரண்டு சிலிண்டரோடு பதில் சொன்னார். ஆறு ஆறாக இரண்டு வரிசை, ஆங்கில எழுத்து 'வி' போல விரித்து வைத்தது. கொள்ளளவு ஏறத்தாழ 7 லிட்டர். ட்வின் சிக்ஸ் என்று பெயர். உலகில் தொடர் உற்பத்திக்கு வந்த முதல் பன்னிரண்டு சிலிண்டர் கார் அதுதான்.

சிலிண்டர் கூடினால் என்ன லாபம்? ஒற்றை ஆள் உலக்கை போட்டால் ஒவ்வொரு இடிக்கும் நடுவில் ஒரு வெறுமை இருக்கும். அதே உரலில் மூன்று பெண்கள் மாற்றி மாற்றிக் குத்தும்போது சத்தம் அறுபடாமல் வரும். இன்ஜினும் அதே கதைதான். ஒவ்வொரு சிலிண்டரும் பெட்ரோலை எரித்து ஒரு தள்ளு தள்ளுகிறது. நான்கு சிலிண்டரில் தள்ளுக்கும் தள்ளுக்கும் இடையே வண்டி லேசாகக் குலுங்கும். பன்னிரண்டில் ஒரு தள்ளு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இன்ஜின் ஓடுவதே தெரியாது. 1921-ல் அமெரிக்க ஜனாதிபதி வாரன் ஹார்டிங் பதவியேற்புக்கு மோட்டார் காரில் போனார். அப்படிப் போன முதல் ஜனாதிபதி அவர். போன கார் ட்வின் சிக்ஸ். இத்தாலியில் பந்தய டிரைவராக இருந்த என்ஸோ ஃபெராரி, பன்னிரண்டு சிலிண்டர் மேல் தனக்கு வந்த மோகத்துக்கு பேக்கார்டுதான் காரணம் என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஃபெராரிக்காரர்கள் இதை அதிகம் விளம்பரப்படுத்துவதில்லை.

இந்த இடத்தில் கதை டெட்ராய்ட்டிலிருந்து ஹைதராபாத்துக்கு வருகிறது. வருவது சாலை வழியாக இல்லை, ஆகாய மார்க்கமாக.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. விமானம் இருந்தால் அதற்கு நல்ல இன்ஜின் இல்லை. மே மாதக் கடைசியில் ஜெஸ்ஸி வின்சென்ட்டையும், கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்த எல்பர்ட் ஹால் என்ற பொறியாளரையும் வாஷிங்டனில் வில்லார்டு ஹோட்டல் அறை ஒன்றில் உட்கார வைத்தார்கள். வரைபடம் முடியாமல் வெளியே வரக்கூடாது என்பது ஏற்பாடு. ஏழு நாட்களுக்குள் அடிப்படை வரைபடம் தயார். அதுதான் லிபர்ட்டி இன்ஜின். மறுபடியும் பன்னிரண்டு சிலிண்டர். இந்த முறை 27 லிட்டர், 400 குதிரைசக்தி. பேக்கார்டு, ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் என்று பல கம்பெனிகள் சேர்ந்து 20,000-க்கு மேல் செய்தார்கள். இந்த இன்ஜினைச் செய்வதற்கென்றே காடிலாக்கின் பழைய முதலாளி ஹென்றி லீலண்ட் ஒரு கம்பெனி தொடங்கி அதற்கு லிங்கன் என்று பெயர் வைத்தார். போர் முடிந்ததும் அது சொகுசு கார் கம்பெனியாக மாறிப் பேக்கார்டுக்கே போட்டியாக நின்றது தனிக்கதை.

லிபர்ட்டி இன்ஜினைப் பொருத்திய பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் டி.ஹெச்.9ஏ. அதை முதலில் பெற்ற படைப்பிரிவு ராயல் ஏர்ஃபோர்ஸின் 110-ஆம் ஸ்குவாட்ரன். அந்த விமானங்களுக்கான பணம் மீர் உஸ்மான் அலி கான் கொடுத்த நன்கொடை. அதனால் ஒவ்வொரு விமானத்தின் உடம்பிலும் ஹைதராபாத் நிஜாமின் அன்பளிப்பு என்று எழுதி வைத்தார்கள். படைப்பிரிவுக்கே 'ஹைதராபாத் ஸ்குவாட்ரன்' என்று பெயர் விழுந்தது. 1918 செப்டம்பரில் பிரான்ஸுக்குப் போய், போர் முடியும் வரை ஜெர்மனி மேல் குண்டு போட்டார்கள். அந்த விமானங்களில் ஒன்று இன்றும் இருக்கிறது. எஃப்1010 என்ற எண் கொண்ட அது அக்டோபர் மாதத்தில் ஜெர்மானியர் கையில் சிக்கியது. பெர்லினில் காட்சிப் பொருளாக இருந்து, அடுத்த போரில் போலந்துக்குப் போய், க்ராக்கோவ் நகரில் பல வருடம் கிடந்து, 1977-ல் லண்டன் ஆர்.ஏ.எஃப். அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. புரானி ஹவேலி பேக்கார்டைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு, அதே கார் கம்பெனிப் பொறியாளர் வரைந்த இன்ஜின் ஒரு காலத்தில் தங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்து ஐரோப்பிய வானத்தில் பறந்தது தெரியும்?

போர் முடிந்த பிறகு பேக்கார்டு ஒரு விசித்திரமான முடிவெடுத்தது. பெருமை தேடித்தந்த பன்னிரண்டை 1923-ல் நிறுத்திவிட்டு, எட்டு சிலிண்டரை ஒரே வரிசையில் அடுக்கிய இன்ஜினைக் கொண்டுவந்தது. செய்யச் செலவு குறைவு, ரிப்பேர் சுலபம், அதிர்வும் இல்லை. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் அதனோடு சேர்ந்து வந்தது. அதுவரை பெரும்பாலான கார்களில் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். எட்டும் ஒரே வரிசையில் நின்றதால் இன்ஜின் நீளமானது. அதனால் பானெட் நீண்டது. பழைய படங்களில் ஜமீன்தார் வீட்டு கார் என்றாலே முக்கால்வாசி மூக்காக இருக்கும் இல்லையா? அந்த அழகு ஓவியர் யோசித்து வரைந்தது என்று நினைத்தால் தவறு. உள்ளே படுத்திருக்கும் இன்ஜினின் நீளம் அது. வடிவமைப்பாளர்கள் பிறகு அந்த நீளத்தையே அந்தஸ்தாக மாற்றிக்கொண்டார்கள்.

சமஸ்தானங்களுக்கு இந்தக் கார் ஏன் ஒத்துப்போனது என்பதற்கும் பதில் அங்கேதான். பெரிய கொள்ளளவு, மெதுவாகச் சுழலும் இன்ஜின் என்பதால், டாப் கியரிலேயே ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகலாம். யானைக்குப் பின்னால் ஊர்வலத்தில் போகிற காருக்கு இதைவிட என்ன வேண்டும்? அமெரிக்கக் கார்கள் மண் சாலைகளை மனதில் வைத்துச் செய்தவை. தரையிலிருந்து உயரமாக நின்றன. விலையும் ரோல்ஸ் ராய்ஸைவிட மிகக் குறைவு. ஆங்கிலக் கார் அரியாசனம் என்றால் அமெரிக்கக் கார் அன்றாட வாகனம். உண்மையிலேயே அரியாசனம் வைத்த கார் ஒன்றும் ஹைதராபாத்தில் உண்டு. சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் 1912 மாடல் மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் அது. பின் சீட்டே சிம்மாசனம். ஆர்டர் கொடுத்த ஆறாவது நிஜாம் 1911-லேயே இறந்துவிட்டார். கார் வந்ததைப் பார்க்கவில்லை.

அந்த சில்வர் கோஸ்ட்டுக்கு இன்ஜினும் சேஸிஸும் ரோல்ஸ் ராய்ஸுடையது. மேலே பாடி கட்டியது லண்டனின் பார்க்கர் கம்பெனி. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் கார் வாங்கிய விதமே அதுதான். மரச்சாமான் கடையில் சட்டம் வாங்கி, தச்சரிடம் கொடுத்துக் கட்டில் செய்வது போல. பேக்கார்டுக்கு அமெரிக்காவில் டீட்ரிக், லெபாரன் போன்ற பாடி கட்டும் நிறுவனங்கள் வேலை செய்தன. சென்னையில் சிம்ப்சன் கம்பெனி இதே தொழிலை குதிரை வண்டிக் காலத்திலிருந்து செய்துவந்தது.

1932-ல் பன்னிரண்டு சிலிண்டர் திரும்பி வந்தது. அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் மூழ்கிக்கிடந்த நேரம். அப்போது போய் 7.3 லிட்டர், 160 குதிரைசக்தியில் ஒரு கார்! முன் சக்கரத்தால் இழுக்கும் ஒரு சோதனைக் காருக்காக வரைந்த இன்ஜின் அது. சோதனை கைவிடப்பட்டதும் பெரிய காரில் ஏற்றினார்கள். 1935-ல் அதை 7.8 லிட்டராக வளர்த்து 175 குதிரைசக்தி ஆக்கினார்கள். பழைய கார் பித்தர்கள் பேக்கார்டு ட்வெல்வ் என்று சொல்லும்போது குரல் தணிவது இந்தக் காருக்காகத்தான். 1939 வரை எட்டு வருடத்தில் செய்தது 6,000-க்கும் குறைவு. ரேடியேட்டர் மேல் ஒரு பறவை பொம்மை வைத்தார்கள். பேக்கார்டு குடும்பச் சின்னத்தில் இருந்தது கூழைக்கடா. கம்பெனி ஒரு கட்டத்தில் அதை நீர்க்காகம் என்று சொல்லத் தொடங்கியது. எந்தப் பறவை என்ற சண்டை ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை.

ஆனால் 6,000 காரில் ஒரு தொழிற்சாலை பிழைக்குமா? 1935-ல் 'ஒன் ட்வென்டி' என்ற சின்ன பேக்கார்டு வந்தது. தொடக்க விலை ஆயிரம் டாலருக்கும் கொஞ்சம் கீழே. எட்டு சிலிண்டர் நேர்வரிசை இன்ஜின், ஹைட்ராலிக் பிரேக், முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாகக் குழி மேடு ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். விந்தை என்னவென்றால், இந்த நல்ல பிரேக்கும் சஸ்பென்ஷனும் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய ட்வெல்வ் காருக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் கிடைத்தன. மேனேஜருக்கு முன்னால் குமாஸ்தாவுக்கு புதுச் சட்டை. பின்னாலேயே ஆறு சிலிண்டர் மாடலும் வந்தது. 1937 மாடலில் மட்டும் 1,20,000-க்கும் மேல் விற்றது.

அதே 1937 பிப்ரவரியில்தான் ஹைதராபாத்தில் வெள்ளி விழா. அமெரிக்காவின் டைம் பத்திரிகை உஸ்மான் அலி கானின் படத்தை அட்டையில் போட்டு, உலகின் பெரும் பணக்காரர் என்று அறிவித்தது. பேக்கார்டு நிறுவனத்துக்கும் அது திருவிழா வருடம். ஆனால் அந்தத் திருவிழாவிலேயே ஒரு விரிசல் விழுந்தது. அதே நுகத்தடி முகம், அதே சிவப்பு அறுகோணச் சின்னம், ஆனால் ஓட்டுகிறவர் வங்கி அதிகாரி. ஹாலிவுட் நட்சத்திரம் பக்கத்து காரைத் திரும்பிப் பார்த்தார். காடிலாக் மலிவு கார் வேண்டியவர்களுக்கு லா சால் என்ற வேறு பெயரை வைத்திருந்தது. தன் பெயரைத் தொடவிடவில்லை. பேக்கார்டு தன் பெயரையே கீழே இறக்கியது. கம்பெனியைக் காப்பாற்றியது ஒன் ட்வென்டிதான் என்பார்கள், கெடுத்ததும் அதுதான் என்பார்கள். இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் 1935-ல் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தவர்களுக்கு வேறு வழி எது என்று இரண்டாம் கட்சி சொல்வதில்லை.

ஹைதராபாத் வெயிலுக்கு மிகவும் தேவைப்பட்டிருக்கக்கூடிய ஒரு கண்டுபிடிப்பும் பேக்கார்டுடையதுதான். 1940 மாடலில் ஏ.சி. வைத்தார்கள். தொழிற்சாலையிலிருந்து ஏ.சி.யோடு வந்த முதல் கார். குளிரூட்டும் பகுதி டிக்கியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்று பின்னாலிருந்து வரும். குளிர் போதும் என்றால்? வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இன்று பட்டனைத் தட்டியதும் கம்ப்ரஸர் தானாக விடுபடும் கிளட்ச் அப்போது அதில் இல்லை. டிரைவர் வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்களுக்கான ஏ.சி.

1941-ல் வந்த க்ளிப்பர் முகத்திலேயே கை வைத்தது. தனியாகப் புடைத்து நின்ற மட்கார்டு கதவுக்குள் கரைந்தது. கார் உயரத்தைவிட அகலமானது. நுகத்தடி ஒடுங்கி நடுவில் ஒரு நினைவுச் சின்னம் போல நின்றது. ஹாவர்டு டாரின் என்ற வடிவமைப்பாளர் தொடங்கி வைத்ததை பேக்கார்டு ஆட்கள் மெருகேற்றினார்கள். நல்ல வடிவம், நேரம்தான் மோசம். சில மாதங்களில் அமெரிக்கா போருக்குள் போனது, கார் உற்பத்தி நின்றது.

போர்க்காலத்தில் பேக்கார்டுக்குக் கிடைத்த வேலை ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜின் செய்வது. ஸ்பிட்ஃபயர் விமானத்தைப் பறக்கவைத்த மெர்லின் இன்ஜினை அமெரிக்காவில் செய்ய முதலில் ஃபோர்டைக் கேட்டார்கள். ஹென்றி ஃபோர்டு மறுத்துவிட்டார். 1940 செப்டம்பரில் பேக்கார்டு ஒப்பந்தம் போட்டது. பிரிட்டிஷ் வரைபடங்களை அமெரிக்க முறைக்கு மாற்றி வரைந்து, பிரிட்டிஷ் அளவு மரைகளுக்குத் தேவையான கருவிகளைத் தாங்களே செய்து, 55,000-க்கும் மேற்பட்ட மெர்லின்களைச் செய்து முடித்தார்கள். சமஸ்தானங்கள் இரண்டு தட்டில் வைத்துப் பார்த்த இரண்டு கம்பெனிகளும் ஒரே இன்ஜினைச் செய்தன. பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 152-ஆம் படைப்பிரிவும் ஒரு 'ஹைதராபாத் ஸ்குவாட்ரன்'தான். அதன் சின்னத்தில் இருந்தது நிஜாமின் தலைப்பாகை.

அதன் பிறகு இரண்டு பக்கமும் சரிவு. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வந்து ஐந்து நாளில் நிஜாம் ஆட்சி முடிந்தது. அதே வருடத்து பேக்கார்டோ, க்ளிப்பரின் மெலிந்த உடம்பில் எல்லாப் பக்கமும் தகடு சேர்த்து உப்பவைத்த உருவமாக வந்தது. அமெரிக்கர்கள் அதற்கு வைத்த பெயர் 'கர்ப்பிணி யானை'. உண்மையான தவறு உள்ளே இருந்தது. காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் 1949-ல் வால்வு மேலே அமைந்த வி-8 இன்ஜினுக்கு மாறின. பேக்கார்டு 1923-லிருந்து வைத்திருந்த பக்கவாட்டு வால்வு நேர்வரிசை எட்டையே பிடித்துக்கொண்டது. அடுப்புக்கு நேர் மேலே புகைபோக்கி இருந்தால் புகை நேராகப் போய்விடும். பக்கத்துச் சுவரில் ஓட்டை போட்டிருந்தால் வளைந்து திரும்பித்தான் போகும். இன்ஜின் மூச்சு விடுவதும் அப்படியே. வால்வு மேலே போனதால் காற்று தடையில்லாமல் போய் வந்தது, கலவையை இன்னும் இறுக்கி எரிக்க முடிந்தது, குட்டையான இன்ஜினில் அதிக சக்தி கிடைத்தது. கூடவே பானெட்டும் குட்டையாகித் தாழ்ந்தது. முன்பு அந்தஸ்தாக இருந்த நீண்ட மூக்கு ஒரே வருடத்தில் தாத்தா மூக்கானது.

பேக்கார்டு விழித்துக்கொண்டது 1955 மாடலுக்கு. இப்போது செய்ததை முழு மூச்சாகச் செய்தார்கள். 5.8 லிட்டர் வி-8. பேட்ரிஷியன் மாடலுக்கு 260 குதிரைசக்தி, காரிபியன் என்ற திறந்த காருக்கு 275. ரிச்சர்டு டீக் என்ற இளம் வடிவமைப்பாளர், புது பாடிக்குப் பணம் இல்லாத நிலையில் 1951-ஆம் வருடத்து உடம்பிலேயே வளைந்த முன் கண்ணாடியும் தேவாலய ஜன்னல் போன்ற பின் விளக்கும் வைத்து, பார்க்கிறவர்கள் புதுக் கார் என்று நம்பும்படி செய்தார். தையல்காரர் பழைய கோட்டைப் பிரித்துத் தைத்த வேலை அது.

அதைவிடப் பெரிய வேலை அடியில் இருந்தது. சாதாரணமாகச் சக்கரத்துக்குச் சக்கரம் சுருள் ஸ்பிரிங்கோ பட்டையோ இருக்கும். வில்லியம் ஆலிசன் என்ற பொறியாளர் அவற்றை எடுத்துவிட்டு, முன் சக்கரத்தையும் அதே பக்கத்துப் பின் சக்கரத்தையும் ஒரு நீண்ட எஃகுத் தண்டால் இணைத்தார். ஈரத் துணியைப் பிழியும்போது முறுக்கி விட்டால் அது திரும்ப விரிய முயலும் அல்லவா, எஃகுத் தண்டும் அப்படித்தான். முன் சக்கரம் மேட்டில் ஏறினால் தண்டு முறுகி, அந்த விசை பின்னால் போய்விடும். முன்பக்கம் மட்டும் தூக்கிப்போடாமல் வண்டி முழுவதும் மட்டமாக எழும்பி இறங்கும். பின்னால் ஆள் ஏறிப் பாரம் கூடினால் ஒரு மின்மோட்டார் சில விநாடிகளில் தண்டை முறுக்கி வண்டியைச் சமப்படுத்தும். ரயில்வே கேட்டை வேகமாகக் கடந்து காட்டுவதுதான் ஷோரூம்காரர்களின் வித்தை.

எல்லாம் சரி, காலம் கடந்துவிட்டது. பேக்கார்டுக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ப்ரிக்ஸ் கம்பெனியை க்ரைஸ்லர் வாங்கிவிட, அவசரமாக ஒரு சின்னத் தொழிற்சாலைக்கு மாறினார்கள், தரம் தடுமாறியது. 1954-ல் சேர்ந்துகொண்ட ஸ்டூடிபேக்கர் அவர்களைவிட மோசமான நிலையில் இருந்தது. 1956 ஜூன் 25 அன்று டெட்ராய்ட்டில் கடைசி பேக்கார்டு வரிசையை விட்டு இறங்கியது. அதற்குப் பின் இரண்டு வருடம் ஸ்டூடிபேக்கர் உடம்பில் பேக்கார்டு பெயர் ஒட்டி விற்றார்கள். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

இந்தியாவில் வேறொரு வகையான 'அப்டேட்' நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950-களின் முதல் பாதியில் கடையைக் கட்டின. இறக்குமதிக்குப் பூட்டு விழுந்தது. பம்பாயில் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், ப்ளைமத் கார்களை அசெம்பிள் செய்து கொடுத்தது. அதுவும் மெல்ல ஃபியட்டுக்கு இடம் விட்டது. பெரிய அமெரிக்கக் கார் வைத்திருந்தவர்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை, பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. நம் ஊர்க்காரர்கள் 'பிளசர்' என்று வாய் நிறையச் சொன்ன கார்கள் டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்தன. பட்டறைக்காரர்கள் ஆறு, எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். சென்னையில் சிம்ப்சன் கம்பெனியே பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைச் செய்தது. கப்பல் போன்ற உடம்பு, உள்ளே டிராக்டர் போன்ற இருமல். இன்று சேகரிப்பாளர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த டீசல் இதயம் கிடைக்காதிருந்தால் பாதி கார்கள் தகடாகப் போயிருக்கும்.

நிஜாம் குடும்பத்தின் கராஜும் தப்பவில்லை. 1967-ல் உஸ்மான் அலி கான் மறைந்து பேரன் முகரம் ஜா பொறுப்பேற்றபோது அறுபது கார்கள் கணக்கில் இருந்தன, ஓடும் நிலையில் இருந்தவை நான்குதான் என்று சொல்லப்படுகிறது. முகரம் ஜாவுக்கு இன்ஜினைப் பிரித்து மாட்டுவதில் தீராத ஆசை. பிறகு ஆஸ்திரேலியாவில் ஆட்டுப்பண்ணை வாங்கி, அங்கே புல்டோசர் ஓட்டி மகிழ்ந்தவர் அவர். 2023 ஜனவரியில் இஸ்தான்புல்லில் காலமாகி, ஹைதராபாத் மக்கா மசூதியில் அடக்கமானார். அவருடைய முன்னாள் மனைவி இளவரசி எஸ்ரா முன்னின்று நடத்திய சீரமைப்புக்குப் பிறகு சௌமஹல்லா 2005-ல் மக்களுக்குத் திறந்தது. கார்களுக்கும் வெளிச்சம் கிடைத்தது.

இப்போது சட்டமும் உள்ளே வந்திருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின் 'விஏ' என்று வரும். நிபந்தனை, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. அதாவது டீசல் ஏற்றிய பேக்கார்டு அந்த வரிசையில் நிற்க முடியாது.

அசல் இன்ஜினோடு இருப்பவருக்கும் தலைவலி உண்டு. 1954 வரை பேக்கார்டுக்கு ஆறு வோல்ட் மின்சாரம். இன்று கடைக்குக் கடை கிடைப்பது பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. பழைய பேரிங் ஒயிட் மெட்டல் வார்த்துச் செய்தது. வார்க்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாயும் தக்கை கேஸ்கட்டும் ஊறிக் கெடுகின்றன; அதையெல்லாம் புது ரகத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். ஏப்ரல் மாத ஹைதராபாத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நடுரோட்டில் நின்றுவிடும் என்பதால் சிலர் கண்ணில் படாத இடத்தில் மின்சார பம்ப் ஒன்றை ஒளித்து வைக்கிறார்கள். கண்காட்சி நடுவர் குனிந்து பார்த்தால் மதிப்பெண் போகும். பார்க்காவிட்டால் வண்டி வீடு போய்ச் சேரும்.

புரானி ஹவேலி பேக்கார்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அது எங்கும் போக வேண்டியதில்லை. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் போகிறவர்கள் ரோல்ஸ் ராய்ஸ் முன்னால் படம் எடுத்து முடித்துவிட்டு, பேக்கார்டின் முகத்துக்கு நேராக ஒரு நிமிடம் நின்று, கிரில்லின் மேல் விளிம்பு இரண்டு பக்கமும் எப்படி வளைந்து இறங்குகிறது என்று பார்க்கலாம்.